தாமரையிலிருந்து நான் எழுந்த நாற்பது ஜிபி

புதுவாயல் கூட்ரோட்டில் ஒரு வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். வீட்டில் சும்மா இருந்தால் அம்மா மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிடுவாள். ஸ்டுடியோவில் ஏ.சி. வேறு இருந்தது. உண்மையைச் சொன்னால் ஏ.சி.க்காகத்தான் போனேன்.

ஒரே ஒரு தொல்லை. அந்தக் கடையின் டெமோ படமே நான்தான். பதிமூன்று வயதில் எனக்கு நடந்த மஞ்சள் நீராட்டு விழாவை எடுத்தவர் இதே முதலாளி அண்ணன். எடுத்ததோடு விட்டாரா? கிராபிக்ஸ் செய்தார். ஒரு தாமரை விரியும், உள்ளேயிருந்து பட்டுப்புடவையில் நான் எழுந்து வருவேன். அப்புறம் ஓர் அன்னப்பறவை மேல் உட்கார்ந்து சுவிட்சர்லாந்து மலைகளைச் சுற்றுவேன். மாலையின் கனத்தில் என் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எந்த அன்னம் அந்தக் கோலத்தைச் சுமக்கும்?

பெண்ணுக்குச் சடங்கு வைத்திருக்கிறோம் என்று யார் வந்தாலும் அண்ணன் அதைத்தான் வாசல் டிவியில் போட்டுக் காட்டுவார். மறுபேச்சில்லாமல் புக் செய்துவிட்டுப் போவார்கள். போகும்போது என்னை ஒரு தடவை திரும்பிப் பார்ப்பார்கள். ஷேர் ஆட்டோவில் ஏறினால் சிப்காட் கம்பெனிப் பையன்கள், "இன்னா, அன்னத்துக்கு இன்னிக்கு லீவா?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதி நாள் வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனேன். அந்தப் படம் ஒழிய வேண்டும், அவ்வளவுதான். அந்த வருடம் சாமியிடம் நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை, கடையின் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் நிரம்பிவிட்டது. சோழவரத்துக் கல்யாணம் ஒன்றை அதில் ஏற்றப் போனால், இடமில்லை என்று திரையில் ஒரு பெட்டி முளைத்தது. அன்று சாயங்காலமே பெண் வீட்டார் அதைப் பார்க்க வருகிறார்கள்.

அண்ணன் வைத்தியம் ஆரம்பித்தார். கேபிளைப் பிடுங்கிச் செருகினார். வைரஸ் தேடினார். டிஸ்க்கை விற்றவனின் பரம்பரையையே திட்டினார். எலுமிச்சம்பழம் ஒன்றுதான் சுற்றவில்லை. கடைசியில் பழைய போட்டோக்களை அழிக்கத் தொடங்கினார். அழிக்க அழிக்க இடம் அப்படியே இருந்தது.

"இன்னாமா இது பேஜாரு? நானும் அழிச்சிக்கினே கீறேன், அசைய மாட்டேங்குது."

"என்னோடத எடுத்துடலாம்ணா. அது மட்டும் நாப்பது ஜிபி கீது."

"வாய கழுவு. அது என் மாஸ்டர் பீஸு."

சொல்லிவிட்டு டீ குடிக்க இறங்கினார். அவர் செருப்புச் சத்தம் ஓய்வதற்குள் என் ஃபோல்டரை அழித்துவிட்டேன். எப்போதோ பூஞ்சை பிடித்துத் தூக்கிப்போட்ட கேசட்டிலிருந்து ஏற்றிய மூன்று மணி நேரப் படம், அதை வெட்டிச் செய்த டெமோ, எல்லாம். கை நடுங்கியது என்றெல்லாம் எழுத மாட்டேன். ஜாலியாக இருந்தது.

ஆனால் இடம் மட்டும் ஏறவில்லை. நாற்பது ஜிபி போயும் டிஸ்க் நிரம்பியே இருந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. நாங்கள் அழித்த எதுவும் எங்கும் போகவில்லை, அதே டிஸ்க்கின் குப்பைத்தொட்டியில் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைக் காலி செய்தால்தான் இடம் வரும். அவசரமாகத் தொட்டியைத் திறந்தேன். பின்னால் அண்ணன் நின்றிருந்தார், கையில் எனக்கு வாங்கி வந்த டீயோடு.

பட்டியலின் முதல் வரியிலேயே நான் இருந்தேன்.

"அடிப்பாவி!" என்று மவுஸைப் பிடுங்கி எல்லாவற்றையும் திரும்ப எடுத்தார். "உனுக்கு வேல குடுத்தேனே, என் பொழப்புலயே கை வெக்கிறியே. ஊரே மெச்சின படம்மா அது!"

"ஊரு மெச்சுச்சு. என்ன யாருனா ஒரு வார்த்த கேட்டீங்களா?"

எனக்கு அழுகை முட்டியது. அழுதால் தோற்றுவிடுவேன் என்று, மவுஸைத் திரும்பப் பிடுங்கி வெட்டாத படத்தைத் திறந்து ஓடவிட்டேன். பலகையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மூக்கு ஒழுகுகிறது. "வயிறு வலிக்குதுண்ணா. போதும்ணா." கேமராவுக்குப் பின்னாலிருந்து அண்ணனின் குரல், ஆறு வருடம் இளைய குரல்: "ஒரே ஒரு ஷாட்டு பாப்பா. அழுதா மூஞ்சி கெட்டுடும். எங்க, சிரி. சிரின்றேன்ல?" நான் சிரிக்கிறேன். அந்தச் சிரிப்புதான் தாமரையில் வருகிறது.

"அந்த அழுகைய நான் கட் பண்ட்டேனே," என்றார் அண்ணன், மெதுவாக.

"நீங்க கட் பண்ட்டா, அது எனக்கு நடக்கலனு ஆயிடுமாண்ணா?"

அவர் கையிலிருந்த டீயை மேஜையில் வைத்தார். திரையில் நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் படத்தை நிறுத்திவிட்டு, கீபோர்டை என் பக்கம் தள்ளினார்.

"தொட்டிக்கெல்லாம் போவாம, ஒரேடியா அழிக்கிறதுக்கு வழி கீதா?"

"கீதுண்ணா. ஷிஃப்ட அமுக்கிக்கினு அழிக்கணும்."

"அப்ப அமுக்கு," என்றார், வாசலைப் பார்த்துக்கொண்டு. "நான் மனசு மாறுறதுக்குள்ள அமுக்கு."

அமுக்கினேன்.