இனிப்பே தொடாத கேக் மாஸ்டர்

கேக் மாஸ்டர் மாதிரி பல் தேய்க்கிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கவே முடியாது. எழுந்ததும் ஒரு தடவை, கடைக்குக் கிளம்பும்போது ஒரு தடவை, மத்தியானம் கடையின் பின்பக்கத் தொட்டியில் ஒரு தடவை, வீடு திரும்பியதும் ஒரு தடவை. ஒப்புக்குத் தேய்க்கிற ஆளும் இல்லை. அடிப்பிடித்த கேக் தட்டைச் சுரண்டும்போது இருக்கிற அதே மும்முரம் அதிலும் இருக்கும். விற்கிறதிலேயே முரட்டு பிரஷ்ஷாகத் தேடி வாங்குவார். பாவம் அந்த பிரஷ், வாங்கின சில நாளிலேயே தலைவிரிகோலமாகிவிடும்.

இவ்வளவு செய்தும் ஐம்பது வயதைத் தொடுமுன் அவருக்குக் கடைவாய்ப் பல் இரண்டு போய்விட்டன. இப்போது மேல்வரிசை முன்பல் ஒன்று வலிக்க ஆரம்பித்திருந்தது. ஈறோரம் கறுப்பாக ஒரு கோடு. கடைவாய்ப் பல் போனால் நமக்கும் டாக்டருக்கும்தான் தெரியும். முன்பல் போனால் தெருவுக்கே தெரியும். அதிலும் மாஸ்டர் எதற்கெடுத்தாலும் வாய்விட்டுச் சிரிக்கிறவர். கல்யாணமான புதிதில் மனைவி, "உங்ககிட்ட அந்தச் சிரிப்பு ஒண்ணுதான் உருப்படி" என்று சொல்லியிருந்தாள். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு இத்தனை வருஷம் சிரித்துவந்த மனுஷன், இப்போது கண்ணாடி முன்னால் நின்று மேலுதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு உம்மென்று வெளியே வந்தார்.

அவருடைய வயிற்றெரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். காலையில் ஒருதரம், படுக்கப் போகும்முன் ஒருதரம், அவ்வளவுதான் அவள் பல் தேய்ப்பது. அதுவும் ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி, குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி. ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு துண்டு சாக்லேட் இல்லாமல் அவளுக்கு முடியாது. பல்லோ, ஒன்றுகூட அசையவில்லை!

"ஏம்மா, நானும்தான் உசிரைக் குடுத்துத் தேய்க்கிறேன். எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

"கடையில உட்கார்ந்து கேக்கை வெட்டி வெட்டி முழுங்கினா பல்லு என்னங்க பண்ணும்?"

"நானா? நான் இனிப்பே தொடறதில்ல! உன் மேல சத்தியமா!"

"எங்க கடைக்கு வர்ற எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

உண்மையைச் சொன்னால், அவருக்கு இனிப்பைக் கண்டாலே குமட்டும். காபிக்குச் சர்க்கரை கிடையாது. யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் கேக் தட்டைக் கையால் தள்ளிவிடுவார். ஆனால் கேக் செய்கிறவன் கேக் தின்பதில்லை என்றால் எவள் நம்புவாள்? பல் வலியைப் பொறுத்துக்கொண்டார். கட்டின மனைவி தன்னைப் பொய்யன் என்று நினைப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை.

போதாக்குறைக்கு ஆளாளுக்கு யோசனை. இன்னும் அழுத்தித் தேயுங்கள் என்றார் காபிக்கடைக்காரர். பற்பசையே வேண்டாம், கரித்தூள்தான் சரி என்று மச்சான் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான். தண்ணீர்தான் கோளாறு என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பரம்பரையாக இருக்கும் என்றார் மாடிவீட்டுக்காரர். மாஸ்டரின் அப்பாவோ, கடைசிவரை முழுப் பல்லோடு இருந்துவிட்டுப் போனவர். எதைக் கேட்பது, எதை விடுவது? தலை கிறுகிறுத்தது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்து பார்த்தார். ஈறில் ரத்தம் வந்ததுதான் மிச்சம்.

கடைசியில் மனைவியே கையைப் பிடித்துப் பல் டாக்டரிடம் இழுத்துப்போனாள். டாக்டர் சின்ன வயசுப் பெண். குட்டிக் கண்ணாடியை வாய்க்குள் விட்டு நிதானமாகப் பார்த்துவிட்டு, "இனிப்பு நிறைய சாப்பிடுவீங்களா?" என்றாள்.

"சுத்தமா கிடையாது டாக்டர்."

மனைவி மின்விசிறியைப் பார்த்தாள்.

"நொறுக்குத்தீனி? ஜூஸ்? வாயில மிட்டாய் போட்டுக்கற பழக்கம்?"

"எதுவுமே இல்லங்க."

டாக்டருக்கும் குழப்பம் வந்துவிட்டது. "உங்க முன்பல்லைப் பார்த்தா, நாள் முழுக்க இனிப்பு பட்ட மாதிரி இருக்கே! சரி, கடைக்குப் போனதும் முதல்ல என்ன செய்வீங்க? அப்படியே வரிசையா சொல்லுங்க."

வேலையைப் பற்றிக் கேட்டால் மாஸ்டருக்கு உற்சாகம் பிய்த்துக்கொள்ளும். பல் வலியையே மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "முதல்ல வெண்ணெயை அடிப்பேன். அப்புறம் சர்க்கரைப்பொடி. நல்லா நுரைச்சு வந்ததும் பதம் பார்த்துட்டு..." என்றபோது அவருடைய வலதுகை ஆள்காட்டி விரல், இல்லாத கிண்ணத்தில் ஒரு சுழற்றுச் சுழற்றி, நேராக முன்பல்லில் வந்து உட்கார்ந்தது.

"அடுத்தது சாக்லேட் கிரீம். அதையும் பார்த்துட்டு..." விரல் மறுபடி வாய்க்குப் போனது. எலுமிச்சை கிரீமுக்கு ஒருதரம், சர்க்கரைப்பாகுக்கு ஒருதரம். மனைவி இப்போது மின்விசிறியைப் பார்க்கவில்லை. விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் டாக்டர். "இப்ப விரலால என்ன பண்ணினீங்க?"

மாஸ்டர் விரலை வாயிலிருந்து எடுத்து, யாருடைய விரலோ என்பதுபோல் பார்த்தார். "இதுவா? இது ருசி பார்க்கிறதுங்க."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"அதை யார் எண்ணிக்கிட்டு இருக்காங்க? கிண்ணத்துக்குக் கிண்ணம் பார்ப்பேன். ஆனா டாக்டர், இது சாப்பாடு இல்ல. இது வேலை!"

"உங்களுக்கு அது வேலை. பல்லுக்கு எப்படிங்க தெரியும்?" என்று டாக்டர் சிரித்தாள். பிறகு மனைவியின் பழக்கத்தையும் கேட்டுத் தெரிந்துகொண்டு பொறுமையாக விளக்கினாள். "இனிப்பு பட்டதும் வாயில புளிப்பு ஊறும். பல்லை அரிக்கிறது அதுதான். எச்சில் வந்து அதைச் சரிபண்ண அரை மணி நேரமாவது வேணும். நீங்க அதுக்கு நேரமே குடுக்கல. உங்க வீட்டம்மா சாப்பாட்டோட சாக்லேட்டைச் சாப்பிட்டு முடிச்சிடறாங்க. ராத்திரி தேய்ச்சுட்டுதான் படுக்கறாங்க. அதான் அவங்க தப்பிச்சாங்க."

"நாலு வேளை தேய்க்கிறேனே!"

"அதுவும் தப்பு. உங்க ஈறைப் பார்த்தாலே முரட்டு பிரஷ்னு தெரியுது, அது ஈறைத்தான் தேய்ச்சுத் தள்ளும். ரெண்டு வேளை போதும். மிருதுவான பிரஷ், சின்னச் சின்னதா வட்டம், ரெண்டு நிமிஷம். ராத்திரி தேய்ச்சப்புறம் தண்ணி தவிர எதுவும் வாயில படக்கூடாது. வேலையில ருசி பார்த்தே ஆகணும்னா, எல்லாத்தையும் சேர்த்து ஒரே நேரத்துல பார்த்துட்டு வாயைத் தண்ணியால கொப்பளிங்க. இப்ப இந்தப் பல்லை அடைச்சு விடறேன். விரல் நின்னா பல்லும் நிக்கும்."

வீட்டுப் படியேறும்போது மாஸ்டர் சட்டென்று நின்றுவிட்டார். "உன் மேல சத்தியம் பண்ணிட்டேனேம்மா. அப்ப அது பொய்யா?"

"தெரியலீங்க" என்றாள் அவள். அவளுக்கும் உண்மையிலேயே தெரியவில்லை.

மறுநாள் முகக்கவசம் மாட்டிக்கொண்டு வேலைக்கு நின்றார். விரல் சும்மா இருக்குமா? மத்தியானத்துக்குள் முகக்கவசத்தின் நடுவில் வெள்ளை, பழுப்பு, மஞ்சள் என்று கிரீம் அப்பிக்கொண்டது. கடைப்பிள்ளைகள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கழற்றிப்போட்டுவிட்டு வேறொன்றை மாட்டினார். ருசி பார்க்காமலே கேக்குகள் கண்ணாடி அலமாரிக்குப் போயின. மாஸ்டரோ வேலையை விட்டுவிட்டுக் கதவோரம் நின்று, தின்கிறவர்கள் முகத்தையே பார்த்தார். இப்போது துப்புவார்கள், இதோ இப்போது கத்துவார்கள்! ஒருவரும் துப்பவில்லை. வழக்கமாக வருகிறவர்கள் வழக்கம்போல் வாங்கித் தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போனார்கள்.

சாயங்காலம் முதலாளியம்மாவிடம் போய், "இன்னிக்கு கேக்குல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லையே மாஸ்டர். எல்லாம் எடை போட்டுத்தானே செய்யறீங்க, எப்படி மாறும்?"

மனுஷனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தன் நாக்கு இல்லாவிட்டால் அந்தக் கடை ஒருநாள் தாங்காது என்று நினைத்திருந்தவர் அவர். இப்போது பார்த்தால் தராசே போதுமாம். அப்படியானால் அந்த இரண்டு பல்? அவை எதற்காகப் போயின? யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்தது.

ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். "எதுக்கும்மா இத்தனை வருஷமா அதை நக்கிக்கிட்டு இருந்தேன்? பிடிக்கவும் பிடிக்காது!"

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. வேலைக்குச் சேர்ந்த புதிது. இப்போதைய முதலாளியம்மாவின் அப்பாதான் அப்போது முதலாளி. சர்க்கரைப்பொடி என்று நினைத்து உப்புப்பொடியைக் கொட்டிவிட்டார் மாஸ்டர். அத்தனை கிரீமும் குப்பைக்குப் போனது. எல்லார் முன்னாலும் கன்னத்தில் ஒரு அறை. "இனிமே வாயில வெச்சுப் பார்க்காம ஒண்ணும் வெளிய போகக்கூடாது" என்று முதலாளி உறுமினார். அன்றைக்கு வாய்க்குப் போன விரல்தான், பிறகு நிற்கவே இல்லை.

"அவர் போய்ச் சேர்ந்தே எவ்வளவு வருஷம் ஆச்சுங்க!" என்றாள் மனைவி. அவருடைய வலதுகையைப் பிடித்து ஒரு கணம் வைத்துக்கொண்டாள். பிறகு ஏதோ தோன்றியவள்போல், "ஆமா, அந்த உப்பு டப்பா இப்ப எங்க இருக்கு?" என்றாள். மருந்துக்கடையில் எது எங்கே இருக்கிறது என்று பார்த்தே பழகியவளின் கேள்வி.

"சர்க்கரைப்பொடி டப்பா பக்கத்துலதான். ரெண்டும் ஒரே மாதிரி டப்பா."

"இன்னுமா?"

"ஆமா. ஏன்?"

அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். மாஸ்டர் திருதிருவென்று விழித்தார். அப்புறம் மெல்ல மெல்ல அவருக்கு உறைத்தது. முகம் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் கோணிக்கொண்டது.

மறுநாள் காலை கடைக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல் போய் உப்பு டப்பாவைத் தூக்கிக் கதவுக்கு அந்தப்பக்கம், மாவு மூட்டைகளுக்கு மேலிருந்த பலகையில் வைத்தார். எட்டி வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. வைத்துவிட்டு, போன இரண்டு பல் இருந்த இடத்தை நாக்கால் தடவிக்கொண்டு அங்கேயே நின்றார்.