நர்ஸம்மா மலையிறங்கினாள்

ஜமுனாமரத்தூரைத் தாண்டி, மலைப்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் சர்க்கார் பள்ளிக்கூடத்தில் லத்தீஃபா நர்ஸாக இருந்தாள். சொந்த ஊர் வாணியம்பாடி. முஸ்லிம் வீட்டுப் பெண் நர்ஸ் படிப்புப் படித்ததே அந்தத் தெருவில் பெரிய பேச்சாகி அடங்கியிருந்தது. மலைமேல் வேலைக்குப் போகிறாள் என்றதும் அது மறுபடி கிளம்பிற்று. தோல் மண்டியில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அவள் கணவன் மக்பூல் அதிகம் பேசாதவன். “போறவ எம் பொஞ்சாதி, உங்களுக்கு இன்னா?” என்று ஒரே வார்த்தையில் ஊர் வாயை அடைத்துவிட்டான்.

மகள் மெஹருக்கு அப்போதுதான் நடை வந்திருந்தது. அவளைப் பார்த்துக்கொள்ள மக்பூலின் தங்கை சுபைதா வீட்டிலேயே இருந்தாள். கல்யாணமான வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அண்ணன் வீட்டுக்குத் திரும்பியவள். பிள்ளை இல்லை. “நீங்க போய்ட்டு வாங்க அண்ணி, கொழந்தைய நான் பாத்துக்கறேன்” என்று அவள் சொன்னபோது லத்தீஃபாவுக்குக் கண் கலங்கியது. அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவளே லத்தீஃபாதான். அதனால் பின்னால் யாரையும் குறை சொல்ல அவளுக்கு வாயில்லாமல் போயிற்று.

மாதத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு இறங்குவாள். இடைப்பட்ட நாட்களில் வீட்டுச் சாப்பாடு அவளைத் தேடி மேலே வரும். புளியும் கடுக்காயும் வாங்க லாரியில் மலைக்கு வரும் வியாபாரி ஜப்பார், சுபைதா கொடுத்தனுப்பும் தூக்குச்சட்டியைச் சந்தையன்று பள்ளிக்கூடத்தில் சேர்ப்பிப்பார். மனைவியை இழந்தவர். கொடுத்துவிட்டு உடனே போகமாட்டார். “கறி நல்லா இருந்துச்சாம்மான்னு கேட்டுனு வரச் சொன்னாங்க” என்று நிற்பார். நன்றாகத்தான் இருக்கும். இதே கையால்தானே என் பிள்ளைக்கும் ஊட்டுகிறாள் என்ற நினைப்பு வந்ததும் லத்தீஃபாவுக்கு அடுத்த வாய் இறங்காது.

இப்படி நாலு வருஷம் ஓடிற்று.

அறுபத்திரண்டாம் வருஷம், மழைக்கு முன்னால் ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே மெஹர் ஓடிவந்து முற்றத்தில் விழுந்தாள். முட்டி கிழிந்து ரத்தம் வந்தது. லத்தீஃபா பையிலிருந்த பஞ்சை எடுத்துக்கொண்டு குனிந்தாள். குழந்தை அவளைத் தாண்டிக்கொண்டு, “அம்மா, அம்மா” என்று அழுதபடி அடுப்படிக்கு ஓடி சுபைதாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

“அம்மா இங்க கீறேன் கண்ணு, வா, மருந்து போடறேன்” என்றாள் லத்தீஃபா.

“நீ இல்ல. எங்கம்மா.”

“அப்ப நான் யாரு?”

“நீ மலையம்மா.”

சுபைதா கூச்சத்தோடு சிரித்தாள். “குப்பின்னு கூப்புடுடின்னு சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன் அண்ணி. கேக்கவே மாட்டேங்குது.” அப்பாவின் தங்கையைக் குப்பி என்றுதான் கூப்பிட வேண்டும். சுபைதா சொன்னது பொய்யில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது அவள் உதட்டோரம் ஒரு நிறைவு இருந்ததை லத்தீஃபா பார்த்துவிட்டாள். குழந்தையைச் சுபைதா மடியில் வைத்துக்கொள்ள, எதிரே முட்டி போட்டு உட்கார்ந்து, ஊசிக்கு வந்த யார் வீட்டுப் பிள்ளைக்கோ செய்வதுபோல் தன் மகளின் காயத்தைத் துடைத்துக் கட்டினாள். அவளுக்குள் எரிந்தது.

அன்று சாயங்காலம் மக்பூல் ஒரு சேதி சொன்னான். தோல் வியாபாரிகள் சேர்ந்து நடத்தும் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு நர்ஸ் தேடுகிறார்கள். அவள் பேர் அடிபடுகிறது. வீட்டிலிருந்து நடந்து போய்வரும் தூரம்.

“நீங்க இன்னா சொல்றீங்க?”

“மேல உனக்கு ஒரு பேரு கீது. நான் வான்னும் சொல்ல மாட்டேன், வராதேன்னும் சொல்ல மாட்டேன். நீயே யோசிச்சு சொல்லு.”

மலைக்குத் திரும்பியபின் அவள் யோசித்துக்கொண்டே இருந்தாள். அவள் வந்த புதிதில் ஊசி என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் சாமைக் கொல்லைக்குள் போய் ஒளியும். தட்டம்மை கண்டபோது மாதையன் என்ற மலைக்காரன், அங்கே தங்கிப் படித்த தன் மகள் பெரியம்மாளைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். லத்தீஃபா பின்னாலேயே ஏறிப்போனாள். அவர்கள் வேப்பிலை கட்டிய குடிசைக்குள் செருப்பில்லாமல் நுழைந்து, குழந்தை கண் திறக்கும்வரை கூடவே உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு மாதையனே ஊர் ஊராகப் போய், “நர்ஸம்மாகிட்ட காட்டுங்க” என்று சொல்ல ஆரம்பித்தான். பெரியம்மாள் அவள் புடவைத் தலைப்பை விடவேமாட்டாள். இங்கே நர்ஸம்மா என்றால் லத்தீஃபாதான். வாணியம்பாடிப் பள்ளியிலோ தலைவலி மாத்திரையும் சிராய்ப்புக்கு மருந்துமாகப் பத்தோடு பதினொன்றாகப் போய்விடுவாள்.

அந்த முட்டிக்காயம் மட்டும் இல்லாதிருந்தால் அவள் மாட்டேன் என்றே சொல்லியிருப்பாள்.

அடுத்த சந்தையன்று ஜப்பார் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு வெகுநேரம் நின்றார்.

“தப்பா நெனைக்கக் கூடாது நர்ஸம்மா. உங்க நாத்தனாருக்கு மறுபடி நிக்காஹ் பண்ற யோசனை மக்பூலுக்கு கீதா?”

“யாருக்குக் கேக்கறீங்க பாய்?”

அவர் தலைப்பாகைத் துண்டைச் சரிசெய்துகொண்டார். “எனக்குத்தான்.”

லத்தீஃபாவின் நெஞ்சு குதித்தது. ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அவள் கீழே போவாள், சுபைதா வீட்டைவிட்டுப் போவாள். அதன்பின் மெஹருக்கு அம்மா என்று கூப்பிட ஒரே ஆள்தான் இருப்பாள். நான் சொல்லிப் பார்க்கிறேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தாள். அன்று தூக்குச்சட்டியில் இருந்ததை ருசித்துச் சாப்பிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் சுபைதாவைத் தனியாக உட்காரவைத்தாள். நான் மலையைவிட்டு இங்கேயே வந்துவிடப் போகிறேன், உனக்குச் சின்ன வயசு, எத்தனை நாள் அண்ணன் நிழலில் இருப்பது, ஜப்பார் தங்கமான மனுஷர் என்று வழியெல்லாம் சேர்த்துவைத்த பேச்சை அவிழ்த்தாள். சுபைதா அழுவாள், தன்னை விரட்டுகிறார்கள் என்பாள், அப்போது இதமாகப் பேசிச் சமாளிக்க வேண்டும் என்று நினைத்து வந்திருந்தாள்.

சுபைதா அழவில்லை. “அவரு ரெண்டு வருஷத்துக்கு மின்னாடியே கேட்டாரு அண்ணி” என்றாள்.

“யாருகிட்ட?”

“என்கிட்டதான். தூக்குச்சட்டி வாங்க வர்ற சமயத்துல, கதவுக்கு அந்தாண்ட நின்னுக்கினு கேட்டாரு.”

“நீ இன்னா சொன்னே?”

“கொழந்த சின்னது, எங்கண்ணி மலைமேல கீறாங்க, ஆவாதுன்னு சொல்லிட்டேன்.” முந்தானை ஓரத்தை விரலில் சுற்றிக்கொண்டே அவள் நிமிர்ந்து பார்த்தாள். “இப்ப நீங்கதான் வர்றீங்களே.”

அந்த முகத்தை லத்தீஃபா அதுவரை கண்டதில்லை. மழை பெய்து விட்டபின் மலை தெரியுமே, அப்படித் துலங்கியது. விரட்ட வந்தவள் கதவைத் திறந்துவிட்டிருக்கிறாள். தன் பிள்ளைக்காக இவள் தன் வாழ்வையே இரண்டு வருஷம் ஒத்திப்போட்டிருக்கிறாள் என்று தெரிந்தபோது லத்தீஃபாவுக்கு நன்றிதான் வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமை. இவளுக்காகக் கதவருகே ஒருத்தர் இரண்டு வருஷம் காத்துக்கொண்டு நின்றிருக்கிறாரே என்ற பொறாமை. அதை நினைத்து அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மலை வேலையை விட்டுவிடுவதாக எழுதிக்கொடுத்தாள். அவள் இடத்துக்குப் போளூர்ப் பக்கத்திலிருந்து செல்லம்மா என்ற இளம்பெண் வந்தாள். பாட்டுப் பாடுவாள், பிள்ளைகளோடு பாண்டி ஆடுவாள். ஒப்படைப்பதற்காக மருந்து அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தபோது லத்தீஃபா ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். பெரியம்மாள் புது நர்ஸின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

“இன்னும் நான் வண்டி ஏறவேயில்ல குப்பம்மா, அதுக்குள்ள பாத்தியா” என்றாள், பக்கத்தில் நின்ற பள்ளிக்கூட ஆயாவிடம்.

“கொழந்தைங்க அப்டித்தாம்மா” என்றாள் குப்பம்மாள். “நீங்க வந்தப்பவும் மின்ன இருந்த கம்பவுண்டரம்மாவ ஒரே நாள்ல மறந்துடுச்சிங்க. அந்தம்மாவும் இங்கதான் நின்னு அழுதாங்க.”

நிக்காஹ் எளிமையாக நடந்தது. ஜப்பார் வியாபாரத்துக்காக ஜமுனாமரத்தூரிலேயே வீடு கட்டியிருந்தார். ஆக, லத்தீஃபா இறங்கிய மலைக்குச் சுபைதா ஏறிப்போனாள்.

மெஹர் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். தினமும் வயிற்றுவலி என்று நர்ஸ் அறைக்கு வந்து நிற்பாள். என்னைத் தேடித்தான் வருகிறாள் என்று லத்தீஃபா உள்ளுக்குள் பூரித்துப்போனாள். ஒருநாள் அவளைக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றைத் தடவிக்கொடுத்தபோது குழந்தை கேட்டது.

“புளி லாரி எப்பம்மா வரும்?”

கை நின்றுவிட்டது. சுபைதாவிடமிருந்து ஏதாவது வருமென்று எதிர்பார்த்துப் படுத்திருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அம்மா என்று கூப்பிட்டிருக்கிறாள் என்பதுகூட ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. அழைப்பு வந்துவிட்டது, ஆசை மட்டும் இன்னும் மலைமேல் இருந்தது. “வந்ததும் சொல்றேன்” என்றாள். அதுமுதல் சந்தை முடிந்து லாரி திரும்பும் நாட்களில் மெஹரை அவளே கடைத்தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஜப்பார் கொண்டுவரும் தேனையும் கொய்யாவையும் மெஹர் மார்போடு அணைத்துக்கொண்டு வருவதைப் பார்க்க அவளுக்குக் கசந்தது. ஆனாலும் போனாள்.

மறு வருஷம் சுபைதா உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்தது. கூடவே ஒரு வேண்டுகோள்: “பிரசவம் அண்ணி கையாலதான் ஆவணும்.” கோடை விடுமுறையில் லத்தீஃபா மெஹரோடு மலையேறினாள். வழியெல்லாம் மெஹர் எம்பி எம்பிக் குதித்துக்கொண்டிருந்தாள்.

வலி விடியலில் தொடங்கி நண்பகல்வரை நீடித்தது. கால் முன்னால் வந்த பிள்ளை. திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஜப்பார் லாரியைத் தயாராக நிறுத்தியிருந்தார். அந்த மலைப்பாதையில் அவ்வளவு தூரம் தாங்காது என்று லத்தீஃபாவுக்குத் தெரிந்தது. செல்லம்மாவைக் கூப்பிட்டனுப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். சுபைதா அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி, “அண்ணி, விட்றாதீங்க” என்றாள். விடவில்லை. அந்நேரத்தில் யார் யாருக்கு அம்மா என்ற நினைப்பெல்லாம் லத்தீஃபாவிடம் இல்லை. ஆண் பிள்ளை பிறந்து, நீலம் மாறி, அழுதபோது செல்லம்மாவும் சேர்ந்து அழுதாள்.

மெஹரை உள்ளே விட்டார்கள். சுபைதா கண்ணை மூடிக்கொண்டு தன் பிள்ளையின் உச்சியை முகர்ந்துகொண்டிருந்தாள். “குப்பி” என்று மெஹர் கூப்பிட்டது அவள் காதில் விழவில்லை. மெஹர் வாசற்படியிலேயே நின்றாள். பிறகு மெல்லத் திரும்பிக் கொல்லைப்புறம் வந்து, கை கழுவிக்கொண்டிருந்த லத்தீஃபாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

“வூட்டுக்குப் போலாம்மா.”

“ஏண்டி?”

“அந்தப் பாப்பாவ எனக்குப் புடிக்கல.”

இத்தனை வருஷமாக லத்தீஃபா ஆசைப்பட்டது இதுதான். மகள் மற்றவளை விட்டுத் தன்னிடம் வந்திருக்கிறாள். ஆனால் கைக்கு வந்தபோது சந்தோஷமாக இல்லை, அந்தச் சின்ன நெஞ்சில் எரிவது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு மகளை மடியில் இழுத்துக்கொண்டாள்.

“எனக்கும் அப்டித்தான் இருந்துச்சு கண்ணு” என்றாள்.

“யாரு மேல?”

“சொல்றேன். மொதல்ல ரெண்டு பேரும் சாப்பிடலாம். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நானு.”