மருந்து நானோ?

அழகம்மாளின் வாயைப் பற்றிக் கொச்சியில், சுள்ளிக்கல்லில் யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். மட்டாஞ்சேரித் தெருக்களைக் கூட்டிக் கூட்டியே ஆயுசில் பாதியைக் கழித்தவள். குப்பையை நடுத்தெருவில் கொட்டும் பெரிய மனிதர்களுக்கு அவள் பாடுகிற பாட்டில், அவர்களே வந்து பொறுக்கிக்கொண்டு போவார்கள். வயிற்றிலிருப்பது புற்றுக்கட்டி என்று தெரிந்த அன்றுகூட, "கேக்காம குடிவந்திருக்கு பாரு, சனியன்!" என்றுதான் திட்டினாள்.

இருந்த மருந்தெல்லாம் கொடுத்தும் கட்டி கரையவில்லை. புதிதாக ஒன்றைப் பரீட்சித்துப் பார்க்கிறோம், சேர்கிறீர்களா என்று டாக்டர் ஸாதனா கேட்டார். புருஷன் தங்கப்பனும் பக்கத்தில் இருந்தான். கட்டிக்கு இரும்பென்றால் பேராசை, நல்ல செல்களைவிட அதிகமாக விழுங்கும் என்று டாக்டர் மலையாளத்தில் விளக்கினார். கண்ணுக்கே தெரியாத துகள்களில் இரும்பை ஏற்றி உள்ளே அனுப்பினால், அளவுக்கு மீறித் தின்று தானே அழியும். எல்லாம் சொல்லிவிட்டு, "ஈ மருந்நு நானோ ஆணு," என்று முடித்தார்.

தங்கப்பனுக்கு மலையாளம் தண்ணிபட்ட பாடு. ஆனாலும் பயம் வந்தால் தமிழ்க் காதுதான் வேலை செய்யும் போலிருக்கிறது. நெஞ்சில் கை வைத்து, "நானோ?" என்றான்.

"அதே, நானோ," என்றார் டாக்டர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அழகம்மாளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தங்கப்பன் கேட்டான். "ஏட்டி, என் ரத்தத்துலேர்ந்தா இரும்பை எடுப்பாங்க?"

"பின்னே? கட்டின புருஷனோடதுதான் சேருமாம். ஆனா சாராய வாடை அடிக்கிற இரும்பு ஆகாதாம்."

பாவி மகள், கூசாமல் புளுகினாள்! ஆனால் தங்கப்பன் அன்றோடு குடியை நிறுத்தினான். முருங்கைக்கீரையும் ஈரலுமாகத் தின்று தீர்த்தான். கோபப்பட்டால் இரும்பு கெட்டுப்போகும் என்று அவள் அடுத்ததை அவிழ்த்துவிட, வாயை மூடிக்கொண்டு பாத்திரமும் தேய்த்தான். "என்ன சேட்டா, இரும்பு ஏறுதா?" என்று அவள் கேட்பாள். அவனோ நிஜமாகவே கையை மடக்கிக் காட்டுவான்.

மருந்து ஏற்றும் நாள் வந்தது. நர்ஸ் டிரிப் பாட்டிலோடு வந்து பார்த்தால், அடுத்த கட்டிலில் சட்டைக்கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு தங்கப்பன் படுத்திருக்கிறான். விஷயம் தெரிந்து வார்டே சிரித்தது. டாக்டரும் சிரித்துக்கொண்டே, நானோ என்றால் மிக மிகச் சின்னது என்று புரியவைத்தார்.

இனி மானம் கப்பலேறத்தான் போகிறது, மனுஷன் ஆஸ்பத்திரியையே இரண்டாக்குவான் என்று அழகம்மாள் தயாராக இருந்தாள். தங்கப்பன் எழுந்தான். சத்தம் போடவில்லை. நீட்டிய கையை மடக்கவுமில்லை.

"டாக்டரே, என்னோடதையும் கொஞ்சம் கலந்து ஏத்துங்களேன். இத்தனை நாளா சொட்டு குடிக்கலை. நல்ல இரும்புதான்."

யாரும் சிரிக்கவில்லை. இத்தனை மாதமாக நோயைக் கேலி செய்துகொண்டிருந்த அழகம்மாளுக்கு அப்போதுதான் சாகப் பயமாக இருந்தது. டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மருந்து கேக்குமா, டாக்டரே?" என்றாள்.