அக்கா வீட்டில் இடப்பக்கக் கதவு

பொறுப்பில் கொடுத்த ஒரு பொருளை, கொடுத்தவரோ அவரது இடத்துக்கு வந்தவரோ எழுத்தில் கேட்டால், பெற்றவர் அதை நல்ல நிலையில் திருப்பி ஒப்படைக்க வேண்டும். கச்சேரியில், அதுதான் மாவட்ட அரச அலுவலகத்தில், நான் களஞ்சியப் பகுதியைப் பார்த்த காலத்தில் நித்திரையிலும் ஒப்புவிக்கக்கூடிய விதி இது. இதைக் காட்டி மேசை, கதிரை, அலுமாரி எல்லாம் திருப்பி எடுத்திருக்கிறேன். நெடுந்தீவுக்கு இரவல் போய், அங்கேயே கலியாணம் முடித்துக் குடியிருந்துவிட்டதைப் போலக் கிடந்த ஒரு தண்ணீர்ப் பம்பியைக்கூட வள்ளத்தில் ஏற்றுவித்தேன். என் சொந்த அக்காவிடம் மட்டும் விதி பலிக்கவில்லை.

இன்று காலை வாடகைக் கார் ஒன்று என் வீட்டு வாசலில் நின்றது. வெளிநாட்டிலிருந்து வந்த யாரோ கோயிலுக்கு வழி கேட்டார்கள். கண்ணாடி சத்தமே இல்லாமல் இறங்கியது. வழி தெரிந்ததும் சத்தமே இல்லாமல் ஏறியது. எனக்கு என்னவோ குறையாகப் பட்டது. கண்ணாடி இறங்குவதென்றால் ஒரு கிறீச்சொலி வேண்டும். நடுவில் ஓரிடத்தில் சிக்க வேண்டும். உள்ளே இருப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று அழுத்திச் சுற்ற வேண்டும். அந்தச் சத்தம் இந்தத் தீவில் மிஞ்சியிருப்பது எங்கள் ஊர் சரவணையில், எனக்கு ஐந்தாறு வளவு தள்ளி, அக்காவின் வளவில் மட்டும்தான்.

நெடுங்காலம் அக்காவின் கேற்றாக இருந்தது ஒரு பிக்கப்பின் இடப்பக்கக் கதவு. நம்புங்கள். இரண்டு சீமெந்துத் தூண்களுக்கு நடுவே, கீழே ஒரு பனஞ்சலாகைத் துண்டு அடித்து, அது தன்பாட்டில் தொங்கியது. கைப்பிடியை அழுத்தினால் திறக்கும். மாட்டாலும் ஆட்டாலும் திறக்க முடியாது. கண்ணாடியும் வேலை செய்தது. யாராவது கூப்பிட்டால் அக்கா வந்து ஆளைப் பார்ப்பா, பிறகு ஆளுக்குத் தக்கபடி கண்ணாடியை இறக்குவா. மீன்காரருக்குப் பாதி, ஐயருக்கு முழுவதும், சீட்டுக் கட்டச் சொல்லி வருபவர்களுக்கு விரலிடை. எனக்கு முழுவதும் இறங்கும். வெள்ளிக்கிழமைகளில் அதன் வழியே ஒரு சாப்பாட்டுக் கரியரும் வெளியே வரும். மனைவி போன பிறகு, மனிதர் சமைத்த சாப்பாடு எனக்கு வாரத்தில் அது ஒன்றுதான். மற்ற நாட்களில் நான் சமைக்கிறேன்.

அந்தப் பிக்கப் எங்கள் தகப்பன், ஐயாவுடையது. தென்னிலங்கையில் சுருட்டுக்கடை வைத்திருந்தவர், கடையை விட்டு ஊரோடு வந்தபோது அதையும் கொண்டு வந்தார். இங்கிலாந்தில் செய்தது. மூக்கு உருண்டது. நிறம் பச்சையா நீலமா என்பது வீட்டில் கடைசிவரை முடிவாகவில்லை. ஐயாவுக்கு முன்னால் போக மட்டும்தான் தெரியும். பின்னால் எடுப்பது கடன்காரனைக் கண்டவனின் குணம் என்று சொல்லுவார். உண்மையில் றிவேர்ஸ் அவருக்கு விழுவதில்லை. போக வேண்டிய வீட்டைத் தாண்டிவிட்டால் ஊர்காவற்றுறை வரை போய்த்தான் திரும்பி வருவார். சிறுவயதில் நான் ஊர்காவற்றுறைக் கடலை அத்தனை தடவை பார்த்ததற்குக் காரணம் இயற்கை ரசனை அல்ல.

புகையிலைச் சிப்பம், திருவிழாவுக்குப் போகும் பெண்கள், செத்த வீட்டுக்குப் பந்தல் தடி என்று ஊரின் நல்லது கெட்டது எல்லாம் அதில்தான் போனது. அக்காவுக்கு எப்போதும் முன் இருக்கையில் இடப்பக்கம். கண்ணாடி சுற்றுவது அவவின் ஏகபோக உரிமை. எனக்குப் பின்னால், புகையிலையோடு இடம்.

பிறகு ஒரு காலம் வந்தது. ஓடக்கூடிய வாகனம் யாரிடம் இருந்தாலும், தோளில் துவக்கோடு யாராவது வந்து இரவல் கேட்பார்கள். ஒரு பக்கத்தாருக்குக் கொடுத்தால், ஏன் கொடுத்தாய் என்று கேட்க மறுபக்கத்தார் வருவார்கள். எந்த இரவலும் திரும்பி வந்ததில்லை. ஐயா யோசித்தார். ஒரு நாள் விடியப்புறம் பிக்கப்பைக் கழற்றத் தொடங்கினார்.

"முழுசா நிண்டாத்தான் கேப்பாங்கள். துண்டு துண்டாக் கிடந்தா எவன் கேக்கப்போறான்?"

முன் இருக்கை நயினாதீவில் மச்சாள் வீட்டுக்குப் போனது. முன்மூடி அல்லைப்பிட்டி மாமி வீட்டுக்கு. மற்றவை எங்கெங்கோ. எஞ்சினைக் கிறீஸ் பூசிச் சாக்கில் சுற்றி மாட்டுக்கொட்டிலில் புதைத்தார். நான் அப்போது கச்சேரிக்குப் புதிது. உத்தியோகத்தின் வெறி அடங்காத நேரம். எது எங்கே போகிறது என்று ஒரு பட்டியல் போடுவோம் என்றேன்.

"பட்டியல் போட்டா அதையும் ஒளிக்க வேணும். பேசாம அந்த நட்டுக் கழட்டிற சாவியை எடு."

இடப்பக்கக் கதவை அக்காவிடம் கொடுத்தார். "பத்திரமா வைச்சிரு பிள்ளை. நான் கேக்கேக்கை தா" என்றார். ஐயா கேட்கவே இல்லை. தீவை விட்டு எல்லோரும் ஓடிய பிறகு, வலிகாமத்தில் யாரோ ஒருவரின் விறாந்தையில் அவர் கண்ணை மூடினார்.

ஓய்வுபெற்ற உத்தியோகத்தருக்கு முன்னால் இரண்டு பாதைகள் உண்டு. ஒன்று கோயில் நிர்வாகசபை. மற்றது வேறு ஏதாவது விசர். நான் முதலாவதில் ஒரு தவணை இருந்து பார்த்துவிட்டு இரண்டாவதுக்கு வந்தேன். பிக்கப்பின் கூடு என் வளவில் பூவரசுக்குக் கீழே கிடந்தது. அதை மறுபடி ஓடவைப்பது என்று முடிவெடுத்து, மண்டைதீவிலிருந்து மரியதாஸ் என்ற மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கையில் எண்ணெய்யும் வாயில் உறுதிமொழியும் குறையாத மனிதன். சித்திரைக்கு முடித்துத் தருவேன் என்றான். எந்தச் சித்திரை என்று நானும் கேட்கவில்லை.

மாட்டுக்கொட்டிலைக் கிண்டி எஞ்சினை எடுத்தோம். மரியதாஸ் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"எஞ்சின் நல்லாக் கிடக்கு சேர்."

"சுத்துதோ?"

"சுத்தாது. ஆனா நல்லாக் கிடக்கு."

கடைசியில் ஒரு ஜப்பான் வானின் எஞ்சினும் அதன் கியர்ப்பெட்டியும் வந்து இறங்கின. எனக்கு மனம் ஒப்பவில்லை. "மனிசருக்கே ஆரின்ரையோ கிட்னியை வைக்கிறாங்கள் சேர், அதுக்காக ஆளை மாத்திக் கூப்பிடுறமே?" என்றான். எஞ்சின் மாறினால் மோட்டார் வாகன ஆணையாளருக்கு அறிவிக்க வேண்டும். அதற்குரிய படிவங்களை நான் மூன்று பிரதிகளில் நிரப்பினேன். அந்த வேலை முழுவதிலும் எனக்குச் சுகமாக இருந்த பகுதி அதுதான்.

எஞ்சின்தான் பிறத்தியாருடையது, மற்றதெல்லாம் ஒறிஜினலாக இருக்கட்டும் என்று துண்டுகளைச் சேர்க்கப் புறப்பட்டேன். எங்கள் ஆட்களிடம் ஒரு பொருளைத் திருப்பிக் கேட்பது கலியாணம் சொல்லப் போவதைப் போன்றது. முறை இருக்கிறது. அல்லைப்பிட்டி மாமியிடம் முதலில் போகாமல் நயினாதீவு மச்சாளிடம் போனேன். செய்தி எனக்கு முன்னால் கடல் தாண்டி வந்துவிட்டது. மாமி என்னைக் கண்டதும், "உங்களுக்கு அங்காலை ஆக்கள் இருக்கினந்தானே" என்று சொல்லி வீட்டுக்குள் போய்விட்டா. மறுகிழமை ஒரு சீப்பு வாழைப்பழமும் பிஸ்கற்றுமாகப் போய், போன கிழமை வராதவனைப் போல முற்றத்தில் நின்று கூப்பிட்டேன்.

முன்மூடி மல்லாந்து கிடந்தது. ஆடுகள் அதில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

"ஆடு இனி எதிலை குடிக்கிறது?"

ஒரு பிளாஸ்டிக் தொட்டி வாங்கிக் கொடுத்து முன்மூடியை மீட்டேன். ஆடுகள் புதுத்தொட்டியைக் கனநாளாகத் தொடவில்லையாம். அவற்றுக்கும் ஒறிஜினல் வேண்டியிருந்தது.

நயினாதீவு இருக்கையின் கதை வேறு. மச்சாள் வீட்டு மண்டபத்தில், வந்தவர்களை அதில்தான் இருத்துவார்கள். அதில் இருந்து பேசிய சம்பந்தம் ஒன்றும் குழம்பியதில்லை என்று மச்சாள் சொன்னா. பெண்கள் எல்லாம் கலியாணம் முடித்து வெளிநாடு போய்விட்டதால் மனமில்லாமல் தந்தா. வள்ளத்தின் மேல்தட்டில் அதை வைத்துவிட்டு நான் நின்றேன்.

"ஏனய்யா நிக்கிறியள்? உங்கடை கதிரைதானே, இருங்கோ" என்றான் வள்ளக்காரன்.

இருந்தேன். குறிகட்டுவான் வரை கடலுக்கு நடுவே ஜமீன்தார் மாதிரி வந்தேன். அம்மன் கோயிலுக்கு வந்த சனம் படம் எடுத்தது. நடுக்கடலில், உப்புக்காற்றையும் மீறி, அந்த இருக்கையிலிருந்து புகையிலை மணத்தது. நான் அதுவரை அதில் இருந்ததே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

எல்லாம் சேர்ந்தபிறகு அக்காவிடம் போனேன். சொந்த அக்கா, அவவிடம் என்ன முறை.

"அக்கா, உந்தக் கதவை ஒருக்காக் கழட்டுவம்."

"ஏன், கிறீச்சிடுதோ?"

"இல்லை, பிக்கப்புக்கு."

"ஐயா கேட்டவரோ?"

"ஐயா செத்து எவ்வளவு காலம். அவரின்ரை இடத்திலை இருந்து நான் கேக்கிறன்."

"அவரின்ரை இடத்திலையோ? நீ எப்பயடா அவரின்ரை இடத்திலை இருந்தனி? பின்னாலை புகையிலையோடையெல்லோ இருந்தனி!"

கண்ணாடி ஏறியது.

அவவின் பக்கத்திலும் கதை உண்டு. தீவை விட்டு ஓடின அன்று, அக்கா தையல் மெசினை விட்டுவிட்டு இந்தக் கதவைச் சைக்கிளில் கட்டுவித்தவ. அப்போது உயிரோடிருந்த அத்தான் வழியெல்லாம் ஏசி ஏசி உருட்டினார். போன இடமெல்லாம் அதுவும் போனது. மழைக்குக் கூரையானது, பிள்ளைக்குக் கட்டிலானது, ஒருமுறை காயப்பட்ட ஒரு மனிதரை அதில் கிடத்தித் தூக்கினார்கள். திரும்பி வந்தபோது ஊரில் வீடுகள் இருந்தன, நிலை இல்லை, கதவு இல்லை. கதவோடு ஊர் திரும்பிய ஒரே குடும்பம் அக்காவின் குடும்பம்தான்.

இதெல்லாம் தெரிந்தும், ஒருவனுக்கு உத்தியோகம் இரத்தத்தில் ஊறிவிட்டால் வேறு வழியில்லை. எழுத்தில் கேட்டேன். மேற்படி விடயம் தொடர்பாக என்று தொடங்கினேன். பிறகு ஒரு நினைவூட்டல். அதன் பிறகு இன்னொன்று, ரொறன்ரோவில் இருக்கும் அக்காவின் மகனுக்குப் பிரதியோடு. மருமகன் தொலைபேசியில் வந்தான். "மாமா, அம்மாவுக்கு நான் றிமோட் கேற் போட்டுக்குடுக்கிறன். நீங்கள் கதவைக் கழட்டுங்கோ." அக்காவுக்கு அதையும் சொன்னான். அதுதான் வினை. மகனையும் என் பக்கம் இழுத்துவிட்டேன் என்று அவவுக்குப் பட்டது.

அந்த வெள்ளிக்கிழமை போனேன். உள்ளே கத்தரிக்காய் பொரிக்கிற வாசம். கூப்பிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் அவவின் சேலை தெரிந்தது, கண்ணாடி இறங்கவில்லை. அடுத்த வெள்ளியும் அப்படியே. மீன்காரருக்குப் பாதி இறங்குகிற கண்ணாடி எனக்கு விரலிடையும் இறங்கவில்லை. எங்கள் பெரிய குடும்பத்தில் இந்தத் தீவில் மிஞ்சியிருப்பது நாங்கள் இரண்டு பேர். அவவும் பேசாவிட்டால், சின்னவயதில் நான் வைத்த பூனையின் பெயரைக்கூட இனிச் சரிபார்க்க ஆள் இல்லை. வெறும் கரியரோடு வீட்டுக்கு நடந்தபோது, கதவில்லாமல் ஒரு வாகனம் ஓடும், அக்கா இல்லாமல் இந்த ஊரில் நான் என்ன செய்வது என்று நினைத்தேன். நினைவூட்டல்களை நிறுத்தினேன். கொழும்பிலிருந்து வேறு கதவு எடுப்பித்தேன்.

அது சிவப்பு. வேறு வாகனத்தின் கதவு. "பொருந்தும் சேர்" என்று மரியதாஸ் அடித்துச் சொன்னான். பொருந்தவில்லை. கயிற்றால் கட்டிக்கொண்டு ஓடிப்பார்க்கப் புறப்பட்டோம். ரோட்டு அக்கா வீட்டு வாசலால்தான் போகிறது. வேறு ரோட்டு இல்லை. சரியாக அவவின் வாசலடி முடக்கு வளைவில் கயிறு அவிழ்ந்து, கதவு அகலத் திறந்து, மரியதாஸ் கயிற்றைப் பிடித்தபடி வெளியே தொங்கினான். "விடாதேங்கோ சேர்!" என்று கத்தினான். எதை என்று எனக்கு விளங்கவில்லை. ஓரக்கண்ணில் அக்காவின் கண்ணாடி நாலு விரல் இறங்குவது தெரிந்தது. நிறுத்திப் பின்னால் எடுப்போம் என்று பார்த்தேன். றிவேர்ஸ் விழவில்லை. ஊர்காவற்றுறை வரை போய்த் திரும்பி வந்தோம்.

அக்கா அதே இடத்தில் நின்றா. கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"எடேய், ஐயான்ரை வாகனத்தை மாடு மாதிரிக் கயித்திலை கட்டியே கொண்டு திரியிறாய்?"

"என்ன செய்ய அக்கா."

"ஊர்காவற்றுறைக்கோ போனனீங்கள்?"

"ஓம்."

"றிவேர்ஸ் விழேல்லையோ?"

"விழேல்லை."

அவவின் வாய் ஒருபக்கம் கோணியது. சிரிப்போ என்னவோ, பார்த்துத் தீர்மானிப்பதற்குள் கண்ணாடி ஏறிவிட்டது.

இப்போது யோசிக்கிறேன். ஐயா செய்ததை இன்று ஒருவன் செய்ய முடியாது. ஒரு வாகனத்தைக் கழற்றிவிடலாம். எங்கே கொண்டுபோய் வைப்பது? நயினாதீவு மச்சாள் மகளோடு லண்டன் போய்விட்டா. அல்லைப்பிட்டி மாமி போன மாரியில் மோசம் போனா, செத்தவீடு முடிந்த கையோடு ஆடுகளை விற்றுவிட்டார்கள். இருக்கிற வீடுகளில் பெரியவை பூட்டிக் கிடக்கின்றன, மதிலில் கமரா பார்த்துக்கொண்டிருக்கிறது. ஏன், எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்காமல், துண்டுக் கடதாசி இல்லாமல், இன்னொருவன் வாகனத்தின் ஒரு பாகத்தை வாங்கித் தன் வீட்டோடு வைத்துக்கொள்ள அன்றைக்கு ஊருக்கு ஊர் வீடு இருந்தது.

அதன் பிறகு ஒரு நாள் தபாற்காரர் வந்தார். கூப்பிடு தூரத்தில் இருக்கிற அக்கா முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதியிருந்தா. வாழ்நாளில் எனக்கு எழுதிய முதற் கடிதம். என்னை நீ என்பதை விட்டு வேறெதுவும் சொல்லாத மனுஷி இப்படித் தொடங்கியிருந்தா:

"விடயம்: கதவு. உமது கடிதமும் நினைவூட்டல்களும் கிடைத்தன. கதவைத் தர ஏலாது. மிச்ச வாகனத்தை இங்கே கொண்டுவந்து கதவோடு பூட்டவும். அது இனி என் வளவில் நிற்கும். கேற்றுக்கு அந்தச் சிவப்புக் கதவைப் போடவும். முன்னுக்கு இடப்பக்கம் நான். வெள்ளிக்கிழமை வரவும், சாப்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்கலாம். பிரதி: ஐயாவுக்கு, படத்தடியில்."

யாழ்ப்பாணம் போய்ச் சுற்றிக்கொண்டு அந்தப் பதில் என் கைக்கு வந்து சேர்ந்தது பங்குனி மாதத்து மூன்றாந் திங்கட்கிழமை. அந்த வெள்ளி நான் கரியரை எடுக்காமல், மரியதாஸோடு அக்கா வீட்டுக்குப் போனேன்.