பக்கம் நாற்பத்திரண்டு, வரி ஏழு

புது மென்பொருளின் பெட்டியைப் பிரித்தபோது வந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை. செங்கல் பருமனுக்குப் பெட்டி. உள்ளே ஒரு சிடி, கையேட்டுக்குப் பதில் உள்ளங்கை அளவுக்கு ஒரு சீட்டு, மீதியெல்லாம் காற்று. சந்தேகம் இருந்தால் எஃப்-ஒன் விசையை அழுத்தச் சொன்னது சீட்டு. அழுத்தினேன். முதலில் இணைய இணைப்பைக் கொடுக்கச் சொன்னது. அதை எப்படிக் கொடுப்பது என்பதுதான் ஐயா என் சந்தேகமே. இரண்டாயிரத்துக்கு அப்புறம் வந்ததெல்லாம் இந்த லட்சணம்தான். "புக்கெல்லாம் இப்ப யாரு சார் படிக்கிறாங்க" என்றார் விற்றவர். நான் படிக்கிறேன். டீ குடித்துக்கொண்டே, ஓரம் மடித்து, பென்சிலால் கோடு போட்டுப் படிக்கிற ஆள் நான்.

இப்படிச் சொல்கிற நானே ஒரு கையேட்டை அடுப்பில் போடலாமா என்று நினைத்த நாளும் உண்டு.

தொண்ணூறுகளின் பின்பாதியில் செங்கல்பட்டு பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் நானும் என் நண்பனும் கூட்டாக, கணினியில் அடித்து அச்சிட்டுக் கொடுக்கிற டிடிபி கடை வைத்திருந்தோம். நாங்கள் வாங்கிய மென்பொருளோடு தடிமனான ஆங்கிலக் கையேடு ஒன்று வந்தது. திருட்டு நகலைத் தடுக்க ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். மென்பொருளைத் திறக்கும்போதெல்லாம் திரையில் ஒரு கேள்வி வரும். கையேட்டின் இன்ன பக்கத்தில், இன்ன வரியில், இத்தனையாவது சொல் எது? சரியாக அடித்தால்தான் உள்ளே விடும்.

மென்பொருள் இருந்த பிளாப்பிகள் எப்படியோ நகலாகிப் படாளம், செய்யூர் கடைகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. புத்தகம் போகவில்லை. அதனால் தினமும் கடை திறந்ததும் போன் அடிக்கும். "அண்ணாத்த, பக்கம் இருபத்தெட்டு, வரி நாலு, ரெண்டாவது இன்னா?" படாளத்துக்காரர்தான் அதிகம் கேட்பார். ஒருமுறை கேட்டதை மறுபடி கேட்கமாட்டார். எல்லாவற்றையும் ஒரு நீள நோட்டில் எழுதிவைத்துக்கொள்வார். நண்பனுக்கு இது அறவே பிடிக்காது. "ஒரு பக்கம் ஜெராக்ஸ் எட்த்தாலும் ஊரு பூரா பூடும் மச்சான்" என்று சொல்லி, கையேட்டுக்குப் பழுப்பு அட்டை போட்டு பீரோவில் பூட்டி வைப்பான். நான் படிக்க வேண்டுமென்றால் சாவிக்கு அவனிடம் கெஞ்ச வேண்டும்.

ஒரு வருஷம் ஆயுத பூஜையன்று நண்பன் கணினியை நிறுத்தி, மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டான். கையேட்டைப் பட்டுத்துணியில் சுற்றிச் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்தான். கற்பூரம் காட்டி முடித்து நாங்கள் பொரி தின்றுகொண்டிருந்தபோது மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்திலிருந்து ஒருவர் வந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார்.

"எங்க நைனாவ காணோம். நேத்து இங்கதான் பஸ்ஸவுட்டு எறங்கினாரு. மறதி ஜாஸ்தி, பேரு கேட்டாகூட சொல்லத் தெரியாது. சக்கர மாத்திர வேற போடணும்."

கையில் தபால்தலை அளவுக்கு ஒரு புகைப்படம். காணவில்லை என்று கையால் எழுதி, படத்தை ஒட்டி ஜெராக்ஸ் எடுத்தால் போதுமே என்று முதலில் அதைத்தான் செய்தேன். முகம் தார் பூசியதுபோல் வந்தது. ஸ்கேன் செய்து பெரிதாக்கி அச்சிட்டால்தான் ஆள் தெரியும். நண்பனைப் பார்த்தேன். கணினி மிஷினை ஓட்டிக்கொள்ளச் சொன்னான். மாலையைக் கழற்றிவிட்டுக் கணினியைப் போட்டேன். திரையில் கேள்வி வந்தது. பக்கம் நாற்பத்திரண்டு, வரி ஏழு, மூன்றாவது சொல்.

"புக்க தொடாத மச்சான்" என்றான். "பூஜைல வெச்சத நாளைக்கு காலைல மறுபூஜை போட்டுத்தான் எடுக்கணும்."

"நாளைக்கு வரைக்கும் அந்தப் பெரியவரு எங்க சுத்துவாரு?"

"மிஷினு வேற, சரஸ்வதி வேற."

நானும் கத்தினேன், அவனும் கத்தினான். வந்தவர் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் அப்பாவின் நேரத்தை நாங்கள் சண்டையில் தின்றுகொண்டிருந்தோம். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் படாளத்துக்காரரின் நீள நோட்டு ஞாபகம் வந்து அவருக்குப் போன் போட்டேன். வாழ்நாளில் முதல்முறையாக நான் அவரிடம் கேட்டேன், பக்கம் நாற்பத்திரண்டு, வரி ஏழு, மூன்றாவது இன்னா?

"நோட்டு பூஜைல கீதே அண்ணாத்த" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "இரு, எட்த்துகினு வரேன்."

"சாமி குத்தம் ஆயிடாதா?" என்று, நண்பன் காதில் விழட்டும் என்றே உரக்கக் கேட்டேன்.

"பெத்தவர தேடுறாங்க, இதுக்கு இன்னா குத்தம்? எழுதிக்கோ. ஏ, என், டி. அண்ட்."

அண்ட். இந்த ஒரு சொல்லுக்காகத்தான் முக்கால் மணி நேரம் போயிருந்தது. சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது.

படத்தோடு கடை போன் நம்பரும் போட்டு அச்சிட்ட தாளை ஜெராக்ஸ் எடுத்து, பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் ஒட்டினோம். பசைச் சட்டியைத் தூக்கிக்கொண்டு நண்பனும் வந்தான். கிளம்ப நின்ற மின்சார ரயிலின் பெட்டிகளிலும் ஒட்டினோம். சாயங்காலம் ஊரப்பாக்கம் ஸ்டேஷன் பெஞ்சில் மயங்கிக் கிடந்தவரைப் பார்த்து, ரயிலில் தாளைப் படித்துவந்த யாரோ கடைக்குப் போன் செய்தார்கள்.

மறுநாள் அந்த மகன் வந்து நண்பனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஆஸ்பத்திரில கீறாரு, பொழச்சிக்கினாரு. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா அவ்ளோதான்னு டாக்டரு சொன்னாரு."

அவர் போனதும் நண்பன் பீரோ பூட்டைத் திறந்து, கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அவனே நின்று ஜெராக்ஸ் எடுத்தான். அடுத்த ஆயுத பூஜைக்குப் பட்டுத்துணியில் சுற்றி நகலைத்தான் வைத்தான். அசல் அன்று முழுக்க போன் பக்கத்தில் திறந்தே கிடந்தது.