டில்லியில் வாய் திறக்காத மூக்காயி

எங்கள் பள்ளியில் சத்துணவு சமைக்கிற மூக்காயிக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. டில்லிக்காரி. வைத்தது யாரென்று தெரிந்திருந்தால் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். காய்கறி கொண்டுவருகிறவரில் தொடங்கி தலைமையாசிரியர் வரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அவளும் திரும்பிப் பார்க்கிறாள். சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள இந்தப் பள்ளியில் நான் தமிழ் நடத்துகிறேன். அவளுக்கு வாத்தியாராக இருந்த பொன்னுரங்கம் சாரைப் பற்றி எழுத ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மூக்காயியைப் பற்றி எழுத என்னை விட்டால் ஆளில்லை.

அவள் பிறந்தது கல்வராயன் மலையில், வெள்ளிமலையைத் தாண்டிக் காட்டுப்பாதையில் நடந்து போகவேண்டிய ஒரு ஊரில். அப்பா கரியன் சாமை போடுகிறவர். மலைப் பிள்ளைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் அவளைச் சேர்த்திருந்தார். சோறு கிடைக்குமே என்றுதான் சேர்த்தார், படிப்பு அவள் தானாகத் தேடிக்கொண்டது. ஒரு பாட்டை ஒருமுறை காதில் வாங்கினால் போதும், அவளுக்கு அது பாடம். குரலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இன்றைக்கும் அவள் சாப்பாட்டு வரிசையை ஒழுங்குபடுத்த ஒரு அதட்டல் போட்டால் மாடி வகுப்பு அடங்கிவிடும்.

அவள் ஊரில் ஒரு வழக்கம் இருந்தது. ஊர்க்கூட்டத்தில் பேச எழுந்தவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும். நியாயம் அவர் பக்கமே இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. ஊர்ப்பெரியவர் பார்த்து, "சொல்லு" என்ற பிறகுதான் பேச்சு. மூக்காயி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வரப்புத் தகராறு ஒன்றில் அவளுடைய அம்மா ஆத்திரம் தாங்காமல் முந்திக்கொண்டு பேசிவிட்டாள். வீட்டில் இருந்த ஒரே ஆட்டை அபராதமாகக் கட்டினார்கள். ஆடு போன பிறகும் அம்மாவை ஊர் விடவில்லை. கிணற்றடியிலும் காட்டிலும் "சொல்றதுக்கு முன்னாடி பேசினவ" என்றே அவளைச் சுட்டினார்கள். அந்த அவமானத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளை இவள்.

எண்பதுகளின் நடுவில் டில்லியில் ஒரு அமைப்பு உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அகில இந்தியக் கவிதை ஒப்புவித்தல் போட்டி ஒன்றை அறிவித்தது. அவரவர் தாய்மொழியிலேயே சொல்லலாம். ஜெயித்த பிள்ளையைக் கல்லூரி முடிக்கும்வரை அவர்களே படிக்க வைப்பார்கள். மூக்காயி பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தமிழ் டீச்சராக வேண்டும் என்று ஆசை. வீட்டிலோ தாய்மாமன் காத்தானுக்கு அவளைக் கொடுப்பதென்று பேச்சு முடிந்திருந்தது. அழுது சாப்பிடாமல் கிடந்த பெண்ணைப் பார்த்துக் கரியன் மனம் இளகி மச்சானிடம் ஒரு தவணை வாங்கினார்.

"டில்லியில ஜெயிச்சினு வந்தா நீ படி. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஜெயிக்கலன்னா தையில கல்யாணம். அப்பறம் அழுவக் கூடாது" என்றார்.

போட்டிக்கு அவளைத் தயார் செய்தவர் விடுதிப் பள்ளியில் வாத்தியாராக இருந்த பொன்னுரங்கம் சார். கெட்டவர் என்று சொல்லமாட்டேன். தன் பெயர் நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்பதில் அவருக்குக் கொள்ளை ஆசை, அவ்வளவுதான். மழையைப் பற்றிய ஒரு கவிதையைத் தேர்ந்தெடுத்தார். 'யாரைக் கேட்டுப் பெய்கிறாய், மழையே' என்று அது தொடங்கும். அந்த வரியை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

கடலூரில் மாவட்டப் போட்டி நடந்தது. மூக்காயி மேடையேறிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முன்வரிசையில் இருந்த சார், தன் மாணவி என்று எல்லோருக்கும் தெரியட்டும் என்றோ என்னவோ, "ம், சொல்லும்மா" என்று சத்தமாகச் சொன்னார். அவள் சொன்னாள். முதல் பரிசு. சென்னையில் மாநிலப் போட்டி. அங்கேயும் முன்வரிசை, அங்கேயும் "சொல்லும்மா", அங்கேயும் முதல் பரிசு. அந்த ஒரு சொல்லில்தான் அவள் வாய் திறக்கிறது என்று சாருக்குத் தெரியாது. சார் இல்லாத மேடை ஒன்று வரும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

டில்லிக்கு ரயில் ஏறினார்கள். சார் சால்வை வாங்கினார், கோட்டு வாங்கினார், பத்திரிகைக்காரரிடம் பேட்டி கொடுத்தார். போட்டியன்று காலையில் மற்ற ஊர் வாத்தியார்கள் சிலர் சேர்ந்து வண்டி பிடித்து ஆக்ராவுக்குக் கிளம்பினார்கள். தாஜ்மகாலை விட்டால் எப்போது பார்ப்பது? மதியத்துக்குள் வந்துவிடலாம் என்று யாரோ சொன்னதை நம்பிச் சாரும் ஏறிக்கொண்டார்.

"நீ கவலப்படாத. உன் முறை வர்றதுக்குள்ள முன்வரிசையில இருப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரவில்லை. அவள் பெயரை என்னவோ மாதிரி உடைத்துக் கூப்பிட்டார்கள். மேடையேறி நின்றாள். கையைக் கட்டினாள். முன்வரிசையைப் பார்த்தாள்.

இந்த இடத்தை அவள் வாயால் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"பாட்டு நாக்கு நுனியில நிக்கிது டீச்சர். ஒரு எழுத்து கூட மறக்கல. ஆனா யாரும் சொல்லுன்னு சொல்லல. மார்க்கு போடறவங்க நடுவுல குந்தியிருந்த ஒரு அம்மா என்னாண்ட இன்னாவோ சொன்னாங்க. மறுபடியும் சொன்னாங்க. இந்தி. பேரு கேக்கறாங்களா, எறங்கிப் போன்னு சொல்றாங்களா, இன்னா தெரியும் எனக்கு? எங்கம்மா மூஞ்சிதான் கண்ணுல வந்துச்சு. சாரு வந்துடுவாரு வந்துடுவாருன்னு வாசலையே பாத்துக்கினு நின்னேன். மணி அடிச்சிட்டாங்க."

அந்த அம்மாள் சொன்னது வேறு என்னவாக இருக்கும்? "சொல்லு" என்றுதான் இருக்கும்.

இருட்டுகிற நேரத்தில் சார் வந்து சேர்ந்தார். கையில் பளிங்கில் செய்த குட்டித் தாஜ்மகால். ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கத்தினார். "நீங்க சொல்லுன்னு சொல்லலியே சார்" என்று இவள் உள்ளதைச் சொன்னாள். தன் தலையில் பழி போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு அவர் ஓர் அறை விட்டார். ஊருக்குத் திரும்பினால் மேலிடத்தில் கேட்பார்களே, நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று. அதற்கு அவர் ஒரு பதில் தயார் செய்தார். பெண்ணுக்குப் பாட்டு மறந்துவிட்டது. மலைப்பிள்ளை, கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டது. வாய் கூசாமல் இதை எல்லோரிடமும் சொன்னார். நம்பாதவர் ஒருவர்கூட இல்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான். மலைப்பெண் மிரண்டாள் என்றால் யாருக்கும் மேற்கொண்டு ஒரு கேள்வி வருவதில்லை.

அவள் சொன்னதை நம்பிய ஒரே ஆள் கரியன். முழுக்கக் கேட்டார். மகள் தலையைத் தடவினார்.

"யாரும் சொல்லுன்னு சொல்லாம எப்பிடிப் பேசுவ? நீ நின்னதுதான் மரியாத. எம்பொண்ணு எம்பேரக் காப்பாத்திட்டா" என்றார். அவருக்குக் கண்ணெல்லாம் கலங்கிவிட்டதாம்.

"அப்ப படிக்கட்டாப்பா?" என்று இவள் கேட்டாள்.

"ஜெயிக்கலியேம்மா. மாமனாண்ட வாக்குக் குடுத்துட்டேனே."

மகள் மேல் குற்றமே இல்லை என்று தெரிந்துகொண்டே தையில் கல்யாணத்தை முடித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றும் மனிதராம். அந்த நேர்மையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடவேண்டும் என்று நான் சொன்னபோது மூக்காயிக்குக் கோபம் வந்தது. "எங்கப்பன அப்பிடிச் சொல்லாதீங்க டீச்சர்" என்று முறத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

காத்தான் செம்மரம் வெட்டும் வேலைக்கு ஆந்திரப் பக்கம் போனான். முதல் வருஷம் வந்தான், இரண்டாம் வருஷம் வந்தான், பிறகு வரவில்லை. ஜெயிலில் இருக்கிறான் என்றார்கள், செத்துவிட்டான் என்றார்கள். எது உண்மை என்று தேடிப்போய்க் கேட்க அவளிடம் பஸ்ஸுக்கே வழியில்லை. இரண்டு பெண் குழந்தைகளோடு மலையை விட்டு இறங்கிக் கரும்பு வெட்டினாள். கை முழுக்கக் கரும்புச் சோகை இலை கிழித்த தழும்பு இன்னும் இருக்கிறது. பிறகு யாரோ புண்ணியவான் சொல்லி இந்தச் சமையல் வேலை கிடைத்தது. அவள் சமைக்கிற கூடத்துக்கு எதிரிலேயே என் வகுப்பு. நான் செய்யுள் நடத்தும்போது கரண்டிச் சத்தம் நின்றுவிடும்.

போன வருஷம் எங்கள் பள்ளியில் ஒப்புவித்தல் போட்டி நடந்தது. சிறப்பு விருந்தினர் யார்? ஓய்வுபெற்ற நல்லாசிரியர் பொன்னுரங்கம் அவர்கள். மாலை, பொன்னாடை எல்லாம் தடபுடல். மைக்கைப் பிடித்தவர் தன் டில்லிக் கதையை எடுத்துவிட்டார். மலையிலிருந்து ஒரு பெண்ணைக் கண்டெடுத்ததையும், டில்லிவரை கைபிடித்துக் கூட்டிப்போனதையும் உருகி உருகிச் சொன்னார். "எல்லாம் இருந்தது, தைரியம் மட்டும் இல்லை. மேடையில் மறந்துவிட்டாள். பிள்ளைகளே, நீங்கள் அப்படி இருக்கக் கூடாது" என்று முடித்தார்.

தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. "சார், அந்தம்மா இங்கதான் சமைக்கிறாங்க" என்று எழுந்து சொல்லிவிட்டார். இரண்டு மாணவிகள் ஓடிப்போய் அவளை இழுத்து வந்தார்கள். முந்தானையில் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே மேடைக்குக் கீழே வந்து நின்றாள். பழக்கம் விடுமா, கை தானாகக் கட்டிக்கொண்டது.

பொன்னுரங்கம் சார் குனிந்து மைக்கை அவள் பக்கம் நீட்டினார். முகமெல்லாம் சிரிப்பு.

"இப்பவாவது ஞாபகம் இருக்கா மூக்காயி? பயப்படாத. சொல்லு."

கூடத்தில் அந்தச் சொல்லின் விலை தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவள் உதடு ஒருதரம் அசைந்ததைப் பார்த்தேன். அப்புறம் கட்டிய கையைப் பிரித்தாள்.

"கொழம்பு அடுப்புல கீதுங்க சார். அடி புடிச்சிடும்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

"பார்த்தீர்களா, அன்றைக்கும் இதே கதைதான்" என்றார் சார். பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள். மதியம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். சாம்பார் பிரமாதம் என்று மறுபடி கேட்டு வாங்கினார். அவள்தான் ஊற்றினாள்.

எல்லோரும் போன பிறகு சமையல்கூடத்துக்குப் போனேன். அவள் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் வாயாலேயே சொல்லுன்னு சொன்னாரே மூக்காயி. சொல்லியிருந்தா அந்த ஆள் மூஞ்சி எங்க போயிருக்கும்? பாட்டு உனக்கு மறக்கலையே?"

"ஒரு எழுத்து மறக்கல டீச்சர்" என்றாள். தேய்ப்பதை நிறுத்தவில்லை. "இப்ப சொல்லி இன்னா? நான் சொன்னதக் கேட்டுட்டு, படின்னு சொல்ல எங்கப்பன் இல்லியே."