பதினாறு

கரண்டு பில் ஏறிக்கொண்டே போனதால், ஏர்கோனில்தான் ஏதோ கோளாறு என்று சர்வீஸ்காரரைக் கூப்பிட்டிருந்தேன். செரண்டாவில் எங்கள் தாமான் குடியிருப்பின் வீடுகளுக்கெல்லாம் அவர்தான் சர்வீஸ் செய்வார். தண்ணீர் சொட்டிச் சொட்டியே அவருடைய நீலச் சட்டையின் வலது தோள் வெளுத்திருந்தது. பெட்டியைத் திறக்குமுன், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல அறைச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

"ஏர்கோன் நல்லாத்தான் இருக்குக்கா. பதினாறுல வச்சுட்டு ரெண்டு போர்வை போத்திக்கிறீங்க. பில்லு ஏறாம என்ன செய்யும்?"

"அவரு அப்படித்தான் வைப்பாரு," என்றேன்.

என் கணவர் ராவாங் பேக்டரியில் உலைப் பக்கம் நின்றவர். பதினாறில் வைத்தால்தான் அவருக்கு உடம்பு ஆறும். அவர் போய் எட்டு மாதமாகியும் நான் அந்த எண்ணை மாற்றவில்லை.

வந்தவர் சுவரில் மாலை போட்டிருந்த என் கணவரின் படத்தைப் பார்த்துவிட்டு ஃபில்டரைக் கழுவி மாட்டினார். ரிமோட்டை என் கையில் கொடுக்கும்போது சொன்னார்.

"மத்த நாளு இருபத்தஞ்சு வச்சு காத்தாடியப் போடுங்க, போதும்லா. வாரத்துல ஒரு நாளு மட்டும் பதினாறு வைங்க. எங்க வீட்டுல சனிக்கெழம."

யாருக்காக என்று நான் கேட்பதற்குள் வேன் கிளம்பிவிட்டது.

அடுத்த மாதமே பில் இறங்கிவிட்டது. அவரைத் திரும்பக் கூப்பிட எனக்கு இப்போது காரணமில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பதினாறில் வைத்துப் போர்வையை இழுத்துக்கொள்கிறேன். அவர் வீட்டில் புழுக்கம் தாங்காதவர் யாராக இருந்திருக்கும்?